வேஷம் கலையாத கூத்து

இரவு மணி ஒன்பதரை ஆகிவிட்டால் எங்கள் வீட்டில் இரண்டு கக்ஷிகள் உண்டாகிவிடும். ஒரே அடுப்பில் கிண்டிய களியைச் சற்று முன்புதான் ஒற்றுமையாக உண்டு எழுந்த குடும்பமா இது என்று பார்ப்பவர்கள் சந்தேகப்படுவார்கள். ஒரு கக்ஷிக்குத் தலைவி என் மனைவி. மற்றொன்றுக்குத் தலைவி கல்லூரியில் படிக்கும் என் மகள். எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன், எந்தப் பக்கம் கூச்சல் அதிகமோ அந்தப் பக்கம். எழுபத்தைந்து வயதான என் தாயார் மட்டும் எதிலும் சேராமல், சுவரில் சாய்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பார். விவாதம் நாட்டு விஷயம் ஒன்றுமல்ல, பிக் பாஸ்.

"வாய் திறந்தால் பொய். அவனுக்கா பரிசு கொடுப்பது?" என்பாள் என் மனைவி.

"அது பொய் இல்லை அம்மா, ஸ்ட்ராட்டஜி! ஆட வந்த இடத்தில் ஆடாமல் பஜனையா செய்வார்கள்?" என்பாள் மகள்.

ஸ்ட்ராட்டஜி என்றால் யுக்தி. கொஞ்சம் மரியாதையாகச் சொன்னால் வியூகம். மரியாதை இல்லாமல் சொன்னால் சூழ்ச்சி. எந்தச் சொல்லை எடுப்பது என்பது நாம் எந்தக் கக்ஷி என்பதைப் பொறுத்தது. வாத்தியார் உத்தியோகம் பார்ப்பவனுக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியும் என்பது வீட்டாரின் நம்பிக்கை. ஆகையால் அடிக்கடி என்னை நடுவராக அழைப்பார்கள். நானும் ஓர் இரவு, அந்த வீட்டில் இருந்த ஒரு பெண்மணியைப் பற்றி, "இவள் நடிக்கிறாள்" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பளித்துவிட்டுப் படுக்கப் போனேன். அந்த வார்த்தை என்னை விடவில்லை. நான் பாடம் நடத்தும் வகுப்பறையிலேயே என் எதிரில் வந்து நின்றது. அந்தக் கதையைச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதற்கு முன்பு சொல்ல வேண்டிய கூத்துக் கதை ஒன்று இருக்கிறது.

* * *

"நீங்கள் போடும் சண்டை புதுச் சண்டை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் போட்ட சண்டைதான்" என்பார் என் தாயார்.

அவர் சொல்வது பாரதக் கூத்தை. எங்கள் தர்மபுரி ஜில்லாவில் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில், பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாகப் பல நாள் உற்சவம் நடக்கும். கடைசி நாள் படுகளம். மண்ணால் செய்து படுக்கவைத்த பிரம்மாண்டமான துரியோதனன் உருவத்தின் மேல் ஏறி வீமனும் துரியோதனனும் வேஷம் கட்டிச் சண்டையிடுவார்கள். கதாயுத்தத்தில் இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது என்பது விதி. கிருஷ்ண பகவானோ தொடையைத் தட்டிக் காட்டுகிறார். வீமன் தொடையில் அடிக்கிறான். துரியோதனன் விழுகிறான்.

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் சண்டைதானாம். "சூதாட்டத்தில் வஞ்சித்தவனுக்கு விதி என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்று ஒரு கக்ஷி. "கெட்டவனாக இருந்தாலும் அடியை ஒழுங்காக அடிக்க வேண்டாமா?" என்று மற்றொரு கக்ஷி. தேர்ச்சக்கரம் புதைந்தபோது கர்ணன் மேல் அம்பு விட்டது சரியா, அசுவத்தாமன் இறந்தான் என்று துரோணர் காதில் விழும்படி தருமரே அரை உண்மை சொன்னது சரியா என்றெல்லாம் தர்க்கம் விடியும்வரை நீளும். இன்றைக்கு ஸ்ட்ராட்டஜி என்று என் மகள் சொல்வதைத்தான் அன்றைக்கு ஆயாக்கள் மாயவன் தந்திரம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இதோடு என் தாயார் சொல்லும் மற்றொரு சங்கதியும் உண்டு. துரியோதனன் வேஷம் கட்டியவர் மறுநாள் காலையில் டீக்கடை பெஞ்சில் வந்து உட்காருவார். காதோரத்தில் மட்டும் அரிதாரம் கொஞ்சம் மிச்சமிருக்கும். முதல் நாள் மண்ணை வாரித் தூற்றிச் சபித்த அதே கிழவி அவரிடம் போய், "ஏன்ப்பா, தொண்டை கட்டிப்போச்சா? சுக்குக் காப்பி குடி" என்பாளாம்.

கிரீடத்தையும் புஜகீர்த்தியையும் கழற்றி வைத்துவிட்டால் துரியோதனன் போய்விட்டான். மிஞ்சியிருப்பவர் நம் ஊர்க்காரர். இந்த ஒரு விவேகம் எழுத்தறியாத அந்தக் கிழவிக்கு இருந்தது.

* * *

கதாபாத்திரங்களைப் பற்றி நாம் கொள்ளும் அபிமானத்துக்கும் இதே விவேகம் அடிப்படையாக இருந்து வந்திருக்கிறது. 1950-ஆம் ஆண்டு முதல் 1954-ஆம் ஆண்டு வரையில் 'பொன்னியின் செல்வன்' தொடர்கதையாக வந்தபோது, வந்தியத்தேவனும் குந்தவையும் ஒன்று சேர வேண்டுமே என்று தமிழ்நாட்டுக் குடும்பங்கள் கவலைப்பட்டன. கதை முடிந்த பிறகும் வாசகர்களின் கேள்விகள் ஓயவில்லை. அவற்றுக்குச் சமாதானம் சொல்லும்படியாகக் கல்கி அவர்கள் தனியே ஒரு முடிவுரை எழுத நேர்ந்தது.

நகைச்சுவை நாடகங்களிலும் அப்படியே. கிரேஸி மோகனின் நாடகங்களில் கதாநாயகன் மாது. கதாநாயகியின் பெயர் பெரும்பாலும் ஜானகி. நாடகம் மாறினாலும் பெயர்கள் மாறுவதில்லை. மாதுவின் அசட்டுத்தனத்தை ஜானகி எப்படித்தான் பொறுத்துக்கொள்கிறாளோ என்று நாம் பெருமூச்சு விடலாம். 1990-களின் இறுதியில் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து, நாகா இயக்கி, தொலைக்காட்சியில் வந்த 'ரமணி வெர்சஸ் ரமணி'யில் கணவன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி. ஒவ்வொரு வாரமும் எந்த ரமணியின் பேரில் தப்பு என்று வீடுகளில் விசாரணை நடக்கும். அநேகமாக விசாரணை முடிவில் உண்மையான தம்பதிகளுக்குள்ளேயே மனஸ்தாபம் ஏற்பட்டிருக்கும்!

என் மகளும் அவள் தோழிகளும் பார்ப்பது 'ஃப்ரெண்ட்ஸ்' என்னும் அமெரிக்க நகைச்சுவைத் தொடர். 1994 முதல் 2004 வரை பத்து ஆண்டுகள் நடந்தது. அதில் ராஸ் என்பவனும் ரேச்சல் என்பவளும் காதலர்கள். ஒருநாள் கோபத்தில், "சில காலம் விலகி இருப்போம்" என்று பேச்சு முடிகிறது. அன்றிரவே ராஸ் வேறொருத்தியை நாடிவிடுகிறான். இது துரோகமா, அல்லவா? விலகி இருப்பது என்றால் முறிந்துவிட்டது என்று பொருளா, இல்லையா? தொடர் முடிந்து இருபது வருஷங்களுக்கு மேலாகியும் உலகெங்கும் இதற்குத் தீர்ப்பு வழங்கிக்கொண்டே இருக்கிறார்கள். இந்தக் கேள்வியில் என் மகளும் மனைவியும் ஒரே கக்ஷி என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இருவரும் ரேச்சல் பக்கம்.

இந்த விவாதங்களினால் யாருக்கும் கெடுதல் இல்லை, நன்மைகூட உண்டு. ஒரு தாயும் மகளும் நேருக்கு நேர் பேசக் கூச்சப்படும் விஷயங்களை ராஸ், ரேச்சல் பேரில் வைத்துப் பேசிக்கொள்ளலாம். கணவனிடம் சொல்ல முடியாத குறையை ரமணியின் குறையாகச் சொல்லிவிடலாம். ராஸை என்ன திட்டினாலும் அவனுக்கு வலிக்காது. அவன் காகிதத்தில் பிறந்தவன். அவனாக நடித்தவர் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

'சரவணன் மீனாட்சி' தொடரில் ஜோடியாக நடித்த செந்திலும் ஸ்ரீஜாவும் 2014-இல் மெய்யாகவே விவாகம் செய்துகொண்டபோது, தங்கள் ஆசீர்வாதந்தான் பலித்தது என்று பல வீடுகளில் மகிழ்ந்தார்கள். மகிழட்டும். ஆனால் சரவணனும் மீனாட்சியும் சேருவதைத் தீர்மானித்தவர் கதாசிரியர்; செந்திலும் ஸ்ரீஜாவும் சேருவதைத் தீர்மானித்தவர்கள் அவ்விருவர்தான். இரண்டுக்கும் நடுவே கோடு தெளிவாக இருந்தது.

* * *

பிக் பாஸ் வந்ததும் அந்தக் கோடு அழிந்துவிட்டது.

இதன் மூலம் ஹாலந்து தேசம். 1999-ஆம் ஆண்டில் 'பிக் பிரதர்' என்ற பெயரில் அங்கே ஆரம்பித்தார்கள். ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட நாவலில், குடிமக்களை ஓயாமல் கண்காணிக்கும் 'பெரிய அண்ண'னின் பெயர் அது. எச்சரிக்கையாக எழுதப்பட்ட பெயர் வேடிக்கைக்குப் பெயராயிற்று. தமிழில் 2017 ஜூன் மாதம் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கியது. ஏழு பருவங்களைக் கமல்ஹாசன் நடத்தினார். 2024-இல் எட்டாவது பருவம் முதல் விஜய் சேதுபதி வந்தார். ஒரு வீட்டில் பல பேரை ஏறக்குறைய நூறு நாட்கள் அடைத்து வைத்து, வாரந்தோறும் யாரை வெளியேற்றலாம் என்று அவர்களையே பெயர் சொல்ல வைத்து, அப்படிப் பெயர் சொல்லப்பட்டவர்களுள் யாரைக் காப்பாற்றுவது என்று நம்மிடம் வாக்குக் கேட்பார்கள். வாக்குக் குறைந்தவர் வெளியேற வேண்டியதுதான்.

இதில் 'காப்பாற்றுவது' என்ற வார்த்தையை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஐந்து பேர் நிற்கிறார்கள், நூறு பேர் வாக்களிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எழுபது பேர் வெறுக்கும் ஒரு சண்டைக்காரருக்கு மிச்சமுள்ள முப்பது பேர் உயிரைக் கொடுத்து வாக்களித்தால் அவர் ஜம்மென்று தப்பித்துவிடுவார். எல்லோருக்கும் ஓரளவு பிடித்தமான, சாதுவான ஒருவருக்கு எட்டு வாக்குதான் விழும். அவர் மூட்டை கட்ட வேண்டும். வெறுப்புக்கு இங்கே தண்டனை இல்லை, கவனிக்கப்படாமைக்குத்தான் தண்டனை. ஆகவே பேசாமல் இருப்பவர் 'சேஃப் கேம்' ஆடுகிறார் என்று பழிக்கப்படுவதும், சண்டை போடுகிறவர் வாரக்கணக்கில் நிலைப்பதும் அவரவர் பிறவிக் குணத்தினால் மட்டும் அல்ல; விதியினாலும்தான்.

விதியை மாற்றினால் மனிதர்களும் மாறுவார்கள் என்பதற்கு அமெரிக்காவிலேயே சாட்சி இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் அங்கே முதல் 'பிக் பிரதர்' நடந்தபோது, யாரை வெளியேற்றுவது என்றே ஜனங்களிடம் வாக்குக் கேட்டார்கள். ஜனங்கள் கலகக்காரர்களை முதலில் விரட்டிவிட்டார்கள். வீடு சப்பென்று ஆகிவிட்டது. மறு ஆண்டே அந்த அதிகாரத்தைப் பார்வையாளரிடமிருந்து பிடுங்கி, வீட்டில் இருப்பவர்களிடமே கொடுத்துவிட்டார்கள். உடனே கூட்டணியும் ரகசிய ஒப்பந்தமும் முளைத்தன. அதே 2000-இல் நடந்த 'சர்வைவர்' போட்டியில் முன்பே வெளியேற்றப்பட்ட ஏழு பேர்தான் கடைசித் தீர்ப்பாளிகள். முதன்முதலில் கூட்டணி அமைத்து மற்றவர்களை ஒவ்வொருவராக வெளியேற்றிய ரிச்சர்ட் ஹாட்ச் என்பவருக்கே நாலுக்கு மூன்று என்ற கணக்கில் அவர்கள் பத்து லட்சம் டாலரைக் கொடுத்தார்கள். தோற்கடித்தவனின் சாமர்த்தியத்தைத் தோற்றவர்களே ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்லலாம்.

நம்மவர்கள் மட்டும் சாமர்த்தியத்துக்குத்தான் வாக்களிப்பார்கள் அல்லது தர்மத்துக்குத்தான் வாக்களிப்பார்கள் என்று சொல்வதற்கில்லை. 2021 ஜனவரியில் முடிந்த நான்காம் பருவத்தில், விதியை எடுத்துச் சொல்லிக் கறாராக நடந்த ஆரி வென்றார். என் மனைவி வெற்றி முழக்கம் செய்தாள். 2023 ஜனவரியில் முடிந்த ஆறாம் பருவத்தில், 'அறம் வெல்லும்' என்பதையே தம் வாக்காகக் கொண்ட விக்ரமன் இரண்டாம் இடம் பெற்றார். கோபக்காரர் என்று பெயரெடுத்த அசீம் முதலிடம் பெற்றார். அன்றிரவு எங்கள் வீட்டில் அடுப்படிப் பாத்திரங்கள் கொஞ்சம் பலமாகவே வைக்கப்பட்டன.

இவ்வளவும் ஆட்டத்தைப் பற்றிய பேச்சு, பேசுவதில் தவறில்லை. ஆனால் நாம் அங்கே நிற்பதில்லை. பூவிருந்தவல்லிக்கு அருகில் உள்ள அந்த அரங்கு வீட்டில் இருபத்து நாலு மணி நேரம் நடந்ததை வெட்டி ஒட்டி, ஏறக்குறைய ஒரு மணி நேரமாக்கி நமக்குக் காட்டுகிறார்கள். அழுகை காட்டப்படும், அழுகைக்கு முந்திய அரை மணி காட்டப்படாமல் போகலாம். அந்த ஒரு மணியைப் பார்த்துவிட்டு, "இவன் அயோக்கியன்", "இவள் வேஷக்காரி" என்று மனிதரின் முழு ஜன்மத்துக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். முதற் பருவத்தில் ஓவியாவுக்கும் ஆரவுக்கும் இடையே இருந்த பழக்கத்தைத் தேசமே ஒரு காதல் தொடர்கதையைப் போலப் பார்த்தது. பக்கம் பக்கமாகப் பிரிந்து வாதாடியது. ஓவியா மெய்யான மனிதப் பெண். 2017 ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் மனம் மிகவும் சோர்ந்து, போட்டியை விட்டுத் தாமே விலகிப் போனார். ரேச்சலுக்கு அழுகை வந்தால் எழுத்தாளர் அடுத்த வாரமே சிரிக்க வைத்துவிடுவார். ஓவியாவின் அழுகைக்கு அப்படி ஓர் எழுத்தாளர் இல்லை.

* * *

இனி வகுப்பறைக்கு வருகிறேன்.

எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மதிய இடைவேளையில் பிக் பாஸ் விளையாடத் தொடங்கியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் காகிதத் துண்டுகளில் பெயரும் காரணமும் எழுதி ஒரு ஜாமெட்ரி பெட்டியில் போடுவார்கள். அதிகச் சீட்டு யாருக்கு விழுகிறதோ, அவரோடு அடுத்த வாரம் முழுவதும் யாரும் பேசக் கூடாது. எனக்கு இது தெரியும். பிள்ளை விளையாட்டு என்று சிரித்துக்கொண்டே போய்விட்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு பெண்ணுக்குப் பெட்டி நிறையச் சீட்டு விழுந்தது. திங்கட்கிழமை அவள் வந்தாள். செவ்வாய்க்கிழமை வரவில்லை. வெள்ளிக்கிழமை அவளுடைய ஆயா அவளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தாள். "உடம்புக்கு ஒன்றுமில்லை சார். பள்ளிக்கூடம் என்றால் அழுகிறாள். நீங்களே கேட்டுப் பாருங்கள்" என்றாள்.

அவளை நான் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியை வாங்கிச் சீட்டுகளைப் பிரித்தேன். 'சேஃப் கேம்' என்று நாலைந்து. 'உண்மையாக இல்லை' என்று சில. மிச்சமெல்லாம், 'நடிக்கிறாள்', 'நடிக்கிறாள்', 'நடிக்கிறாள்'. முன்னொரு நாள் இரவு என் வாயிலிருந்து வந்த சொல். என்னிடமிருந்துதான் அவர்கள் கற்றார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல்லை என்னைப் போலத்தான் உபயோகித்திருந்தார்கள்.

பிள்ளைகளைக் கோபிக்க எனக்கு யோக்கியதை இல்லை என்று பட்டது. கரும்பலகையில் இரண்டு கேள்விகளை மட்டும் எழுதினேன்: 'நீ கண்ணால் பார்த்தது என்ன? பார்க்காதது என்ன?' ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். கணக்கில் மார்க்குக் குறைந்ததற்குக் காலையில் அழுதாள், மாலையில் சிரித்தாள். ஆகவே அழுதது நடிப்பு. இரண்டு பேர் சண்டையில் எந்தப் பக்கமும் சேரவில்லை. ஆகவே சேஃப் கேம். மணி அடித்ததும் யாரோடும் நிற்காமல் ஓடுகிறாள்; ஆகவே கர்வம். பார்த்தது இவ்வளவுதான். பார்க்காததை அவளுடைய ஆயா வாசற்படியில் நின்றே சொல்லிவிட்டாள்: தாயும் தகப்பனும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார்கள்; ஆறு மணிக்குள் மாட்டில் பால் கறந்து சொசைட்டியில் ஊற்ற வேண்டும்; அந்த வேலை பிள்ளையுடையது.

வகுப்பு நிசப்தமாக இருந்தது. எல்லாம் அன்றே சரியாகிவிட்டது என்று எழுதினால் கதை நன்றாக முடியும். ஆனால் அப்படி நடக்கவில்லை. அவள் இப்போது ஒழுங்காக வருகிறாள். இரண்டு பெண்கள் மாலையில் அவளோடு நடந்து போகிறார்கள். முன் பெஞ்சில் உட்கார மட்டும் இன்னும் மறுக்கிறாள்.

* * *

பிக் பாஸைப் பார்க்க வேண்டாம் என்று நான் உபதேசம் செய்யப் போவதில்லை. சொன்னால் முதலில் என் வீட்டிலேயே அமுலாகாது. ஆட்டத்தைப் பற்றித் தாராளமாக வாதாடுவோம். இந்த யுக்தி கெட்டிக்கார யுக்தியா, விதிக்கு உட்பட்டதா, இடுப்புக்குக் கீழே அடித்த அடியா என்று கேட்போம். இந்தக் கேள்விகளைக் கேட்கப் பழகிய பிள்ளை தேர்தலையும் வியாபாரத்தையும் பார்த்து இதே கேள்விகளைக் கேட்கும். ஆனால் ஆட்டத்துக்குத் தீர்ப்புச் சொல்வது வேறு, ஆடுகிற மனிதருக்குத் தீர்ப்புச் சொல்வது வேறு. கூத்தாடி விடிந்ததும் தன் அரிதாரத்தைத் தானே கழுவிக்கொள்வான். சொந்தப் பெயரோடும் சொந்த முகத்தோடும் ஆட வந்தவர்களால் கழுவ முடியாது. அதைக் கழுவ வேண்டியவர்கள் பார்ப்பவர்களாகிய நாம்.

அடுத்த வாரம் மறுபடியும் என்னை நடுவராக அழைத்தார்கள். "அவன் ஆடியது மோசமான ஆட்டம். அவன் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியாது" என்றேன். இரண்டு கக்ஷிகளுக்கும் திருப்தி இல்லை. வாத்தியார் சேஃப் கேம் ஆடுகிறார் என்று மகள் தீர்ப்பளித்தாள்.

தாயார் வெற்றிலை உரலை ஓரமாக வைத்துவிட்டு, "அந்தப் பிள்ளைக்கு வீடு எங்கே? வெளியே வந்ததும் யாராவது ஒரு வாய் காப்பி கொடுப்பார்களா?" என்று கேட்டார்.